கண்ணின் நடுவே ஒரு துளை

கம்பம் பள்ளத்தாக்கிலே, சின்னமனூரை அடுத்து, சுரபி நதிக்கரையில் அமைந்த சிற்றூர் குச்சனூர். அங்கே தான்தோன்றியாக எழுந்தருளியிருக்கும் சனீசுவரரை வழிபட, ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் மக்கள் பல ஊர்களிலிருந்தும் திரண்டு வருவர். சனியின் பார்வை தம்மை வருத்தலாகாது என்பது அவர்கள் வேண்டுதல். பார்வையை முன்னிட்டு மக்கள் நாடி வரும் அவ்வூரிலே, என் அத்தை தம் கண்ணின் பார்வையை இழக்கத் தொடங்கிய நிகழ்ச்சியைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அத்தைக்கு அப்போது வயது 64. ஒருநாள் மாலை, கிழிந்த சேலையொன்றைத் தைக்க எண்ணி ஊசியில் நூல் கோக்க முயன்றார். வலக்கண்ணில் தூசி விழுந்திருந்தமையால் அதை மூடிக்கொண்டு இடக்கண்ணால் உற்று நோக்கினார். ஊசியைப் பற்றிய விரல்கள் தெரிந்தன. ஊசியின் முனை தெரிந்தது. ஊசிக்காது இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு மங்கல் நின்றது. மறுநாள் விடியற்காலையில், வாயிலில் தாம் இட்ட புள்ளிக்கோலத்தை அதே கண்ணால் பார்த்தார். நேராக இழுத்த கோடுகள் நடுவிலே வளைந்து கிடந்தன. வலியில்லை; சிவப்பில்லை; நீர் வடியவுமில்லை.

“கண்புரையாக இருக்கும், அத்தை. முதற்போக அறுவடை முடியட்டும். நானே அழைத்துக்கொண்டு போகிறேன்” என்று சொன்னவன் நான். வீட்டார் அனைவரும் அதையே ஒப்புக்கொண்டனர். கண்புரை பெரும்பாலும் காத்திருக்கும் நோய். ஆனால் அத்தைக்கு வந்தது கண்புரை அன்று. நான்கு மாதம் கழிந்த பிறகே அதை அறிந்தோம். அந்த நான்கு மாதத்தின் விலையை இப்பேச்சின் முடிவில் கூறுகிறேன். அதற்கு முன், அந்நோயின் வரலாற்றையும் அதனைத் தீர்க்க மனிதர் கண்ட வழிகளையும் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும்.

கண்ணின் உட்புறத்தே, பின்சுவரில் ஒட்டினாற்போல் மெல்லிய திரையொன்று உண்டு. அதை விழித்திரை என்கிறோம். அத்திரையின் நடுப்பகுதிக்கு மஞ்சள் புள்ளி என்று பெயர். நூலைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அப்புள்ளியின் வேலை. விழித்திரையின் மற்ற பகுதிகள் சுற்றுப்புறத்தைக் காட்டும்; கூர்மையைக் காட்டமாட்டா. இத்தனை அருமையான இடத்தில் சிலருக்கு ஒரு துளை விழுகிறது. அதன் குறுக்களவு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் உட்பட்டது. ஒரு கடுகின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அவ்வளவு சிறிய துளை, எதிரே நிற்பவரின் முகத்தையே அழித்துவிடுகிறது.

துளை எவ்வாறு விழுகிறது? கண்ணுருண்டையின் உள்ளே தெளிந்த கூழ் போன்ற பொருள் நிறைந்துள்ளது. அதைப் பளிங்குக் கூழ் என்போம். முதுமையில் அக்கூழ் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். பலருக்கு அது தீங்கின்றி விலகிவிடுகிறது. சிலருக்கோ மஞ்சள் புள்ளியின்மேல் இறுகப் பற்றி நின்று இழுக்கிறது. பசை காய்ந்த சுவரொட்டியை உரித்தால் சுவரின் சுண்ணாம்பும் பெயர்ந்து வருகிறதன்றோ? அதுபோன்றதே இது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கு, இந்நோய் மிகுதியாக வருகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். கண்ணைக் கருவியால் தொட்டு நோய் தீர்க்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. கண்புரையை ஊசியால் பார்வைப் பாதையிலிருந்து விலக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விரித்துரைக்கிறது. சென்னையில் 1819-ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கென்று தனி மருத்துவமனை ஏற்பட்டது. எழும்பூரில் இன்றும் பணிபுரியும் அது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாகும். அங்கே தலைமை வகித்த ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், 1909-ஆம் ஆண்டில், கண்ணின் அழுத்த நோய்க்குப் புதியதொரு அறுவை முறையை மேற்கொண்டார். கருவிழியின் விளிம்பில், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் துளையிட்டு, உள்ளே தேங்கிய நீரை வடியச் செய்வதே அம்முறை. துளையிட்டுக் கண்ணைக் காக்கலாம் என்று சென்னை உலகிற்குக் காட்டிய காலம் அது.

ஆயினும் மஞ்சள் புள்ளியில் விழுந்த துளையை மூட எவராலும் இயலவில்லை. ஹெர்மன் நாப் என்ற மருத்துவர், அடிபட்ட கண்ணொன்றில் இத்துளையைக் கண்டு 1869-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் இத்துளையைக் கண்டார்கள், பெயரிட்டார்கள், படம் வரைந்தார்கள், மருந்தில்லை என்று நோயாளியை வீட்டிற்கு அனுப்பினார்கள். கண்ணின் பின்சுவரை அடையவேண்டுமானால் பளிங்குக் கூழைக் கடந்து செல்லவேண்டும். அக்கூழைத் தொட்டால் கண் கெட்டுவிடும் என்ற அச்சம் அறுவை மருத்துவர்களைத் தடுத்து நிறுத்தியது.

அந்த அச்சத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் மெக்கெமர். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் மயாமி நகரில் பணிபுரிந்தவர். கூழை வெட்டவும், உறிஞ்சவும், வெளியேறும் அளவுக்கு நீரை உட்செலுத்தவும் வல்ல ஒரே கருவியை அமைத்து, முட்டையின் வெள்ளைக் கருவில் அதனைச் சோதித்துப் பார்த்தார். 1970-ஆம் ஆண்டில் மனிதக் கண்ணில் அதைப் பயன்படுத்தினார். மூன்று வேலையும் ஒரே குழாயில் அடங்கியமையால் கருவி பருமனாக இருந்தது. அதனை உட்செலுத்தக் கண்ணின் வெள்ளைச் சுவரில் 2.3 மில்லிமீட்டர் கீறவேண்டியிருந்தது. 1974-ஆம் ஆண்டில் ஓமாலி, ஹைன்ஸ் என்ற இருவர் அவ்வேலைகளைப் பிரித்தனர். நீருக்கு ஒரு வழி, விளக்குக்கு ஒரு வழி, வெட்டும் கருவிக்கு ஒரு வழி என மூன்று வழிகளை அமைத்தனர். கருவியின் பருமன் 0.9 மில்லிமீட்டராகக் குறைந்தது. இதற்கு 20 கேஜ் முறை என்று பெயர். கேஜ் எண் உயர உயரக் கருவி மெலியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மருத்துவமனை ஊசிகளின் அளவைச் சொல்வதும் இவ்வாறே.

வழி கிடைத்தது; ஆனால் அவ்வழியே சென்று துளையை மூடலாம் என்ற எண்ணம் உடனே எழவில்லை. 1988-ஆம் ஆண்டில் டொனால்ட் காஸ் என்ற மயாமி மருத்துவர், துளை படிப்படியாக எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராய்ந்து, கூழின் இழுப்பே காரணம் என்று கூறினார். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும் அன்றோ? கலிபோர்னியாவைச் சேர்ந்த கெல்லி, வெண்டல் என்ற இருவர் அவ்விழுப்பை நீக்கத் துணிந்தனர். கூழை அகற்றி, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை நிரப்பி, நோயாளியை முகம் கவிழ்ந்திருக்கச் செய்தனர். குமிழி மேலே மிதக்கும் இயல்புடையது. முகம் கவிழ்ந்திருக்கும்போது கண்ணின் பின்சுவரே மேற்புறமாகிறது. ஆகவே குமிழி சென்று துளையை அழுத்தி மூடும். 1991-ஆம் ஆண்டில் அவர்கள் தம் கணக்கை வெளியிட்டனர். 52 கண்களில் 30 கண்களின் துளை மூடியது. அந்த முப்பதில் 22 கண்களில் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தெளிந்தது. இன்றைய அளவுகோலால் இது சிறிய வெற்றி. ஆனால் 120 ஆண்டு ‘ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சொல்லி வந்த இடத்தில், இது மதிலில் திறந்த முதல் வாயில்.

அதன் பின் முன்னேற்றம் இரண்டு திசைகளில் நடந்தது. ஒன்று கண்ணுக்கு உள்ளே. மற்றொன்று கண்ணுக்கு வெளியே. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இப்பேச்சின் உயிர்நாடி.

உள்ளே நடந்தது யாது? விழித்திரையின் மேற்பரப்பில் சில மைக்ரான் தடிப்பே உள்ள உள்ளெல்லைப் படலம் ஒன்று உண்டு. தலைமயிரின் தடிப்பு சற்றேறக்குறைய 70 மைக்ரான் என்றால், இதன் மென்மையை நீங்களே கணக்கிடலாம். அது துளையின் விளிம்பை விறைப்பாக வைத்து மூடவொட்டாமல் தடுக்கிறது. பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் கிளாஸ் எக்கார்ட் 1997-ஆம் ஆண்டில் அப்படலத்தை உரித்தெடுக்கும் முறையை விளக்கினார். கண்ணுக்குப் புலப்படாத படலத்தை உரிப்பது எவ்வாறு? சாயமேற்றிக் காணலாம் என்று 2000-ஆம் ஆண்டு முதல் ஜப்பானியர் வழிகாட்டினர். பின்னர் நீலச் சாயங்கள் வழக்குக்கு வந்தன; அத்தகைய சாயம் இன்று நம் மதுரையிலும் செய்யப்படுகிறது. படலத்தை உரித்த கண்களையும் உரிக்காத கண்களையும் ஒப்பிட்டு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரு மாதத்தின் முடிவில், உரித்த கண்களில் 100-க்கு 84 மூடியிருந்தன. உரிக்காதவற்றில் 48 மட்டுமே மூடியிருந்தன. பெரிய துளைகளுக்கென, உரித்த படலத்தை முழுதும் எறிந்துவிடாமல், அதையே மடித்துத் துளையின்மேல் போர்த்தும் முறையைப் போலந்து நாட்டு மருத்துவர் மிகலெவ்ஸ்கா 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய ஆய்வில் 100-க்கு 88-ஆக இருந்த வெற்றி 98-ஆக உயர்ந்தது.

வெளியே நடந்தது யாது? கீறல் சிறுத்துக்கொண்டே வந்தது. 20 கேஜ் முறையில் கண்ணின் மேற்போர்வையை அறுத்து விலக்கி, வெள்ளைச் சுவரைக் கீறி, இறுதியில் தையலிடவேண்டும். தையல் கண்ணை உறுத்தும். சில வாரங்கள் பார்வையின் வடிவையும் கோணச் செய்யும். 2002-ஆம் ஆண்டில் ஃபூஜி, டி ஹுவான் என்போர் 0.5 மில்லிமீட்டர் பருமனுள்ள 25 கேஜ் கருவிகளைக் கொண்டுவந்தனர். மேற்போர்வையை அறுக்க வேண்டியதில்லை, தையலும் வேண்டியதில்லை. ஆனால் முதற்காலத்துக் கருவிகள் ஈர்க்குச்சி போல் வளைந்தன. தையலிடாத வழியே நீர் கசிந்து கண்ணின் அழுத்தம் குறைந்தது. கிருமி புகுமோ என்ற அச்சமும் எழுந்தது. 2005-ஆம் ஆண்டில், படலம் உரித்த அதே எக்கார்ட், 0.6 மில்லிமீட்டர் அளவுள்ள 23 கேஜ் முறையைத் தந்தார். கருவி விறைப்பானது. கீறலும் நேர்க்குத்தாக அன்றிச் சாய்வாக இடப்பட்டது. சாய்ந்த கீறலைக் கண்ணின் உள்ளழுத்தமே கதவு சாத்துவதுபோல் சாத்திவிடும். 2010-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஓஷிமா 0.4 மில்லிமீட்டர் அளவுள்ள 27 கேஜ் கருவிகளை வெளியிட்டார்.

இத்தனை எளிய எண்ணம் நிறைவேற ஏன் இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இயற்பியல் விடை தருகிறது. குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. குழாயின் ஆரம் பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒரு பங்காகும். 0.9 மில்லிமீட்டர் 0.5 ஆகும்போது, உட்புறமும் அதே அளவில் குறைவதாகக் கொண்டால், பாய்ச்சல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். கூழை மிக நுண்ணிய துணுக்குகளாக வெட்டினாலன்றி இம்மெல்லிய குழாயில் அது வாராது. ஆகவே நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும் கருவிகள் வந்த பின்னரே சிறு கீறல் முழுப்பயன் தந்தது.

இப்போது முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 20, 23, 25, 27 ஆகிய இவற்றுள் துளையை நன்றாக மூடுவது எது? பல நாடுகளில் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர். துளை மூடும் அளவில் இவற்றிடையே பெரும் வேறுபாடு காணப்படவில்லை. ஏனெனில் துளையை மூடுவது கீறலின் சிறுமை அன்று. இழுப்பை நீக்குதலும், படலத்தை உரித்தலும், வாயுக் குமிழியின் தாங்கலுமே ஆகும். சிறு கீறல் தரும் நன்மை வேறு. வலி குறைகிறது, தையல் இல்லை, நேரம் சுருங்குகிறது, கண் விரைவில் தேறுகிறது. வீட்டிற்குள் சென்று விளக்கேற்றும் பணி எவ்வழியாகச் சென்றாலும் ஒன்றே; ஆனால் கதவைத் திறந்து செல்வதற்கும் சுவரை இடித்துச் செல்வதற்கும் வேறுபாடு உண்டன்றோ? நோயைத் தீர்க்கச் செல்லும் வழியில் நாம் செய்யும் காயமும் நோயாளியின் துன்பமே என்பதை மருத்துவம் உணர்ந்துகொண்ட வரலாறுதான் இந்தக் கீறல் சிறுத்த வரலாறு.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு என்ன? எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மூட்டு வாத நோயால் விரல்கள் கோணிய பிறகும், கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் அறுவையில் தேர்ந்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ஆம் ஆண்டு, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயத்தைத் தோற்றுவித்தார். பளிங்குக் கூழின் அறுவையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் முன்னவர். 1985-ஆம் ஆண்டில் அரவிந்த் மருத்துவமனையின் கிளை தேனியில் எழுந்தது. பின்னாளில், தேனியைச் சூழ்ந்த சிற்றூர்களில் பார்வை மையங்கள் அமைந்தன. அங்கே அமர்ந்த நோயாளியைக் கம்பியில்லாத் தொடர்பின் வழியே தேனியிலுள்ள மருத்துவர் பார்த்துப் பேசும் ஏற்பாடும் வந்தது. கண்ணைக் காட்ட ஒருநாள் கூலியை இழக்கவேண்டிய நிலை பள்ளத்தாக்கில் பலருக்குக் குறைந்தது. வாய்ப்பு அண்மையில் இருந்தும் நான் அத்தையை நான்கு மாதம் காக்க வைத்தேன் என்பதை நினைக்கும்போது நெஞ்சு உறுத்துகிறது.

மதுரையில் அத்தையின் கண்ணை ஒளிக்கதிரால் குறுக்குவெட்டாகப் படமெடுத்துக் காட்டினர். கிணற்றை நெடுக்காக வெட்டி வரைந்தாற்போல் திரையில் துளை தெரிந்தது. அது 400 மைக்ரானைக் கடந்து, பெரிய துளை என்ற வகையில் சேர்ந்துவிட்டது. அறுவை 25 கேஜ் முறையில் நடந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது வெள்ளை விழியில் மூன்று சிறு செம்புள்ளிகளே தெரிந்தன. துன்பம் அதன் பின்னர்தான். ஐந்து நாள், உண்ணும் நேரம் நீங்கலாக, முகம் கவிழ்ந்திருக்க வேண்டும் என்றனர். சிறிய துளைகளுக்கு இக்காலத்தில் இவ்வளவு நாள் வேண்டுவதில்லை. அத்தையின் துளையோ பெரியது. அவர் சிரித்துக்கொண்டே, “நம்மூர்ச் சனீசுவரர் பார்வை பிறர்மேல் படக்கூடாதென்று எப்போதும் தலை குனிந்தே இருப்பாராம். நான் ஐந்து நாள் குனிந்திருக்க மாட்டேனா?” என்றார்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. கண்ணில் வாயு இருக்கும்வரை மலையேறலாகாது. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். குமிழி விரிந்து கண்ணை உள்ளிருந்து நெருக்கும். விமானப் பயணத்துக்கும் இத்தடை உண்டு. மேகமலைத் தோட்டத்தில் வாழும் மகளைக் காண அத்தை சில வாரங்கள் ஏங்கியிருந்தார். மகளே இறங்கி வந்தாள்.

துளை மூடியது. இடக்கண்ணால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறார்; கோலத்தின் கோடுகள் ஏறக்குறைய நேராகிவிட்டன. ஆயினும் அக்கண்ணால் ஊசியில் நூல் கோக்க இன்றும் அவரால் இயலவில்லை. துளை சிறியதாக, புதியதாக இருக்கும்போதே வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு இதனினும் நல்ல பார்வை கிடைக்கிறது. நான் சொன்ன நான்கு மாதத்தின் விலை இதுதான்.

ஒரு வியப்பையும் சொல்லவேண்டும். கூழை அகற்றிய கண்ணில் முதியோர்க்குக் கண்புரை விரைந்து வருவது வழக்கம். நான் அன்று அறியாமல் பெயர் சொன்ன கண்புரை, இரண்டாண்டில் உண்மையாகவே வந்தது. அதையும் சாய்ந்த சிறு கீறலால், தையலின்றி அகற்றி, செயற்கை வில்லையைப் பொருத்தினர். அத்தகைய வில்லைகள் முன்பு அயல்நாட்டிலிருந்து பெரும் விலைக்கு வந்தன. 1992-ஆம் ஆண்டில் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு வில்லைகளை இங்கேயே செய்த பின்னரே எளியோர்க்கும் எட்டும் விலையாயிற்று. கீறலைச் சிறிதாக்கியவர்களை உலகம் போற்றுகிறது. விலையைச் சிறிதாக்கியவர்களையும் நாம் போற்றவேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்தில் பாட்டியோ தாத்தாவோ இருப்பின், இன்றே ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் சன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்பு கண்ணை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கம்பி வளைந்து தெரிந்தால், அல்லது நடுவே மங்கினால், அறுவடைக்காகக் காத்திராதீர்கள். பயிர் அடுத்த போகத்திலும் விளையும், பார்வை அவ்வாறன்று.